பனி வராத பனிக்காலம்

எதிர் வீட்டு மாமிக்கு எழுபது வயது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது பனியில் கால் வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ‘காஷ்மீர்ல எடுத்த பாட்டையெல்லாம் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி வயசு போயிடுத்து’ என்பார். ஒருவழியாக 2024 ஜனவரியில் மகன் ஒரு டூர் குழுவில் சேர்த்து அனுப்பிவைத்தார். குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ், ஒரு டப்பா தட்டை, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் என்று பெட்டி கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு.

திரும்பி வந்ததும் போனில் போட்டோக்களைக் காட்டினார். இடம் குல்மார்க். பின்னணியில் உயர உயரமாய் மரங்கள். மாமி காலில் வாடகைக்கு எடுத்த, முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ். அந்த பூட்ஸ் நின்றுகொண்டிருந்ததோ பழுப்பேறிக் காய்ந்து கிடந்த புல்லில்.

“பனி எங்கே மாமி?”

“அதைத்தான் நானும் கேட்டேன். குதிரைக்காரப் பையன் கையை விரிச்சுட்டான். இந்த வருஷம் இன்னும் வரலேன்னான். என்னமோ பஸ் வரலேங்கற மாதிரி!”

மாமி பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் குல்மார்க்கில் ஜனவரி முழுக்கப் பனி ஏமாற்றிவிட்டது. டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி, அவர்களுக்கு அது. அந்த நாற்பது நாளும் கிட்டத்தட்ட வறண்டே கழிந்து, முடியும் தறுவாயில்தான் பனி விழ ஆரம்பித்தது. மாமி அதற்குள் சென்னை திரும்பி, ஸ்வெட்டர்களைத் துவைத்து பீரோவில் வைத்துவிட்டார்.

போன மாதம் இந்தப் பகுதியில் நான் பனிச்சறுக்கு வீரர்கள் பருவநிலை மாற்றத்துக்காகக் குரல் கொடுப்பதைப் பற்றி இரண்டு வரி போகிற போக்கில் எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகி மெயில் போட்டிருந்தார். ‘விளையாட்டுக்காரர்கள் விளையாடிவிட்டுப் போக வேண்டியதுதானே? விமானத்தில் உலகம் சுற்றுகிறவர்களுக்குப் பருவநிலை பற்றிப் பேச என்ன யோக்கியதை?’ என்று.

நியாயமான கேள்வி. கோபப்பட்டு ஒதுக்கக்கூடியது இல்லை. அதனால்தான் இந்த வாரம் முழுக்க அதற்கே.

முதலில் ஒரு சின்ன இடைச்செருகல். நம் மொழியில் பனி என்றால் மார்கழிக் காலையில் கோலத்தின்மேல் படிகிறதும் பனிதான், ஊட்டியில் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனிதான், இமயமலையில் விழுவதும் பனிதான். எங்கள் பாட்டிக்கு ‘ஸ்னோ’ என்றால் முகத்தில் பூசிக்கொள்ளும் க்ரீம். வெண்பனி நம் வீட்டுச் சமாசாரமாக இருந்ததே இல்லை. அதனால் அது இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் உடனே உணர்வதில்லை. காவிரியில் தண்ணீர் வராத வருஷத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

இந்தக் கதையை ஜெரமி ஜோன்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்கர். ஸ்னோபோர்டு வீரர். அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குகிறவர். அவர் பெயர் வாங்கியது போட்டி மைதானத்தில் அல்ல, சினிமாவில். ஆள் அரவமே இல்லாத சிகரங்களின் உச்சியில் ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து செங்குத்துச் சரிவில் பறந்து வருவார். கேமரா படம் பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும்.

வருஷா வருஷம் அதே மலைகளுக்குப் போகிறவருக்கு மாற்றம் கண்ணில் படாமல் இருக்குமா? முன்பு நன்றாகப் பனி பெய்த இடங்களில் பனி இல்லை. நடந்துகொண்டிருந்த சறுக்கு மையங்கள் பூட்டிக் கிடந்தன. சரி, இதற்காக வேலை செய்கிற ஏதாவது அமைப்புக்குப் பணம் கொடுப்போம் என்று தேடினார். பனி விளையாட்டுக்காரர்களுக்கென்று அப்படி ஒன்றுமே இல்லை. 2007-ல் தானே ஆரம்பித்தார். பெயர் ‘ப்ரொடெக்ட் அவர் வின்டர்ஸ்’. ‘நம் பனிக்காலத்தைக் காப்பாற்றுவோம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு ஆரம்பித்ததும் முதல் கல் அவர்மேலேயே விழுந்தது. நம் வாசகி கேட்ட அதே கேள்விதான். ‘ஹெலிகாப்டரில் ஏறி மலைக்குப் போகிற நீயா எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தாய்?’

அவர் பதில் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஹெலிகாப்டரை விட்டார். பனியில் ஓடும் மோட்டார் வண்டியையும் விட்டார். நடக்க ஆரம்பித்தார். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகை ஒன்று இருக்கிறது. மேலே ஏறும்போது அதைப் பிரித்து, அடியில் வழுக்காத பட்டை ஒட்டி, இரண்டு காலிலும் தனித்தனியாக மாட்டிக்கொண்டு நடக்கலாம். உச்சிக்குப் போனதும் ஒன்றாகச் சேர்த்துச் சறுக்கி வரலாம். அப்படி மணிக்கணக்கில் ஏறி, பனியிலேயே கூடாரம் போட்டுத் தங்கி, சில நிமிட இறக்கத்துக்காக நாள் கணக்கில் உழைத்து எடுத்த படம்தான் ‘டீப்பர்’. 2010-ல் வந்தது. அதைத் தொடர்ந்து 2012-ல் ‘ஃபர்தர்’, 2014-ல் ‘ஹையர்’.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஹெலிகாப்டர் இல்லாததால் அவர் தொழில் படுத்துவிடவில்லை என்பதுதான். முன்பெல்லாம் இறங்குவதைத்தான் காட்டினார்கள். இப்போது ஏறுவதும் கதையாகிவிட்டது. மலை ஏறி இறங்குவதற்கென்றே இந்தப் பிரியும் பலகையை வாங்குகிறவர்களும் பெருகினார்கள்.

ஆனால் ஒருவர் ஹெலிகாப்டரை விடுவதால் உலகம் குளிர்ந்துவிடாது. இதை முதலில் சொல்வது அந்த அமைப்பேதான். ‘நாங்கள் குறையில்லாதவர்கள் அல்ல, குறைகளோடுதான் பேசுகிறோம்’ என்பது அவர்களுடைய வெளிப்படையான நிலை. தனி மனிதர் மாறினால் போதாது, சட்டமும் அரசும் பெரிய நிறுவனங்களும் மாற வேண்டும் என்று சொல்லி, வீரர், வீராங்கனைகளை வாஷிங்டனுக்கு அழைத்துப்போய் மக்கள் பிரதிநிதிகளோடு பேச வைத்தார்கள். ஒலிம்பிக் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனால் எந்த அலுவலகக் கதவும் திறக்கும் அல்லவா? 2018-ல் அப்படிப் போனவர்களில் ஜெஸ்ஸி டிகின்ஸும் ஒருவர். இவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த சண்டை வெளியாட்களோடு இல்லை, சொந்த வீட்டிலேயே. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் ஜியான் ஃபிராங்கோ காஸ்பர் 2019 பிப்ரவரியில் ஒரு சுவிஸ் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அதில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கு முன்னால் ‘என்று சொல்லப்படுகிற’ என்று ஓர் அடைமொழி போட்டார். அதற்கு நிரூபணம் இல்லை, பனிதான் நிறையப் பெய்கிறதே என்ற தோரணையில் பேசினார். பனியை நம்பியே இருக்கும் விளையாட்டின் தலைவர்! மீன் பிடிக்கிறவர்கள் சங்கத் தலைவர் கடல் என்று சொல்லப்படுகிற ஒன்று என்று பேசினால் எப்படி இருக்கும்? ஜோன்ஸின் அமைப்பு அவர் பதவி விலக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியது. காஸ்பர் அதே பேட்டியில் சர்வாதிகாரிகளோடு வேலை செய்வது சுலபம் என்றும் சொல்லியிருந்தார். அதற்கு மன்னிப்புக் கேட்டார். பதவி விலகவில்லை.

2023 பிப்ரவரி. பிரான்ஸில் குர்ஷெவல், மெரிபல் என்ற மலையூர்களில் உலக சாம்பியன்ஷிப் நடந்த சமயம். ஆஸ்திரியாவின் யூலியன் ஷூட்டர் என்ற இருபத்துநான்கு வயதுப் பையன் கூட்டமைப்புக்கு ஒரு பகிரங்கக் கடிதத்தோடு வந்தார். பையன் என்றால் கோபித்துக்கொள்ளக்கூடாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் மலையிலிருந்து பாய்ந்து வரும் பிரிவில் போட்டியிடுகிறவர். ஆனால் அன்றைக்கு அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. உலகக் கோப்பைகளை வாரிக் குவித்தவரும் இல்லை. சொந்தக் கூட்டமைப்பை எதிர்த்துப் பேச அந்த வயதில், அந்த நிலையில் துணிச்சல் வேண்டும். அதுவும் இந்த விளையாட்டுக்குப் படியளப்பவர்களில் கார் கம்பெனிகளும் எரிபொருள் கம்பெனிகளும் உண்டு.

அவர் நீட்டிய கடிதத்தில் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின், நார்வேயின் அலெக்சாண்டர் ஆமோட் கில்டே, இத்தாலியின் ஃபெடெரிகா பிரிஞோனே என்று உச்சத்தில் இருந்தவர்களின் கையெழுத்தும் இருந்தது. ஆரம்பத்தில் நூற்றுச் சொச்சமாக இருந்த எண்ணிக்கை பின்னர் ஐந்நூறை நெருங்கியது.

கேட்டது என்ன தெரியுமா? உலகத்தை மாற்றுங்கள் என்றெல்லாம் இல்லை. ஒரு காலண்டர்!

பந்தய சீசனை அக்டோபரில் தொடங்காதீர்கள், நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். போட்டிகளை ஊர் வாரியாக அடுக்குங்கள், இங்கேயும் அங்கேயும் அலைக்கழிக்காதீர்கள். 2030-க்குள் உங்கள் கரியமில வாயு வெளியீட்டைப் பாதியாகக் குறையுங்கள், 2035-க்குள் நிகர அளவைப் பூஜ்யமாக்குங்கள். இதற்கெல்லாம் வெளிப்படையான திட்டம் போடுங்கள். அவ்வளவுதான்.

அந்த ‘ஊர் வாரியாக’ விஷயம் எனக்கு உடனே புரிந்தது. நவராத்திரியில் எங்கள் மாமி கொலுவுக்குப் போகும் அழகே தனி. திங்கட்கிழமை மேற்கு மாம்பலம் பூராவும். செவ்வாய்க்கிழமை நங்கநல்லூர் பூராவும். ஒரே ஆட்டோ, ஒரே சுற்று, கை நிறையச் சுண்டல். உலகக் கோப்பைப் பனிச்சறுக்கில் இது நடப்பதில்லை. 2022-23 சீசனில் ஆண்கள் அணி நவம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி வட அமெரிக்கா போனது. பிறகு ஐரோப்பா திரும்பியது. பிப்ரவரியில் மறுபடியும் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனது. வீரர் மட்டுமா? பயிற்சியாளர், மருத்துவர், ஸ்கீ பலகைகளுக்கு மெழுகு தேய்க்கிறவர், மூட்டை மூட்டையாய்ப் பலகைகள். ‘விமானத்தில் சுற்றுகிறார்களே’ என்று நம் வாசகி கேட்டதற்கு அந்தக் கடிதமே பதில். சுற்றும்படி அட்டவணை போடுகிறவர்களிடம்தான் அவர்கள் போய் நின்றார்கள்.

சரி, அக்டோபரில் ஏன் ஆரம்பிக்கிறார்கள்? ஆஸ்திரியாவில் சோல்டன் என்ற ஊரில், பனியாற்றின் மேல் முதல் பந்தயம் நடக்கும். பனியாறு என்றால் ஆண்டுக்கணக்கில் பனி இறுகி இறுகி, மலைமேல் மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் பனிக்கட்டித் திரள். அக்டோபரில் வேறெங்கும் பனி விழுந்திருக்காது, அதனால் அங்கே போகிறார்கள். பந்தயம் டிவியில் வந்தால்தான் கடைகளில் ஸ்கீ பலகையும் ஜாக்கெட்டும் விற்க ஆரம்பிக்கும். நம் ஊரில் நகைக்கடைக்காரர்கள் அட்சய திருதியைக்கு ஒரு மாதம் முன்பே விளம்பரம் ஆரம்பிப்பார்களே, அந்தக் கணக்கு.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட்டில் தொடங்கி இத்தாலியின் செர்வினியாவில் முடியும் ஒரு பந்தயத்தை அறிவித்தார்கள். ஒரு நாட்டில் புறப்பட்டு இன்னொரு நாட்டில் முடியும் முதல் உலகக் கோப்பைப் பந்தயம். பின்னணியில் மேட்டர்ஹார்ன் சிகரம். கேட்கவே ஜோர்தான். 2022 இலையுதிர்காலத்தில் நான்கு பந்தயங்கள் நடப்பதாக இருந்தது. பாதையின் கீழ்ப்பகுதியில் போதிய பனி இல்லை. நான்கும் ரத்து.

2023-ல் மறுபடியும் முயன்றார்கள். அந்த அக்டோபரில் வெளியான போட்டோக்களைப் பார்த்து ஐரோப்பாவே அதிர்ந்தது. பந்தயப் பாதை போடுவதற்காகப் பனியாற்றின் மேல் ஏறி நின்று வெட்டிக்கொண்டிருந்தன ஜேசிபி மாதிரியான மண்வாரி இயந்திரங்கள்! அனுமதித்த எல்லைக்கு வெளியே வேலை நடந்திருப்பதாக மாகாண அதிகாரிகள் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 இரண்டே வருஷங்களில் தங்கள் மொத்தப் பனியில் பத்து சதவிகிதத்தை இழந்திருந்தன. நோயாளி படுத்திருக்கும்போது அவர் கட்டிலையே பெயர்க்கிற மாதிரி.

கடைசியில் நவம்பரில் என்ன ஆயிற்று? கொட்டோ கொட்டென்று பனி கொட்டியது, காற்று சுழற்றியடித்தது. எல்லாப் பந்தயமும் ரத்து. அந்தப் போட்டி ஒரு தடவைகூட நடக்காமலேயே அட்டவணையிலிருந்து காணாமல் போனது.

இங்கே செயற்கைப் பனியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ‘பனி இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டியதுதானே’ என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள்.

செய்கிறார்கள். பெரிய மின்விசிறி மாதிரி ஒரு பீரங்கி. அதில் தண்ணீரை அழுத்தத்தோடு பொடித்துளியாய்ச் சிதறடிப்பார்கள். தரையில் விழுவதற்குள் துளி உறைந்துவிடும். ஆனால் அதற்கும் குளிர் வேண்டும். மைனஸ் இரண்டு டிகிரிக்குக் கீழே போனால்தான் வேலை ஓடும், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் சிரமம். அதனால் பெரும்பாலும் ராத்திரியில் ஓட்டுகிறார்கள். ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு கனமீட்டர் பனிதான் கிடைக்கும். ஒரு மலைச்சரிவையே மூடுவதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்குப் போட்டிகள் கிட்டத்தட்ட முழுக்க இந்தப் பனியில்தான் நடந்தன. 2014 சோச்சியில் முந்தைய குளிர்காலத்துப் பனியைப் போர்வை போட்டு மூடிச் சேமித்து வைத்திருந்தார்கள். நாம் மாங்காயை உப்பில் போட்டு வைக்கிற மாதிரி. 2020-ல் பிரான்ஸின் ஒரு சறுக்கு மையத்தில் ஹெலிகாப்டரில் பனி கொண்டுவந்து கொட்டி, நாடு முழுக்கத் திட்டு வாங்கினார்கள்.

செயற்கைப் பனியை முழு வில்லனாக்குவதும் சரியில்லை. வேகப் பந்தயங்களுக்குக் கெட்டியான பாதைதான் வேண்டும். இயற்கைப் பனி நிறைய இருக்கும் இடத்தில்கூடத் தண்ணீர் விட்டு இறுக்குவார்கள். பிரச்சினை ஓரத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஐரோப்பாவில் வழக்கத்துக்கு மாறான வெப்பம். சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று மலை. நடுவில் ரிப்பன் மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அதில்தான் பந்தயம். முன்பெல்லாம் பாதை தவறினால் மெத்தை மாதிரிப் பனியில் விழுவார்கள். இப்போது பாதை தவறினால் புல், சேறு, பாறை. தொலைதூரச் சறுக்கு வீரர்கள் பலர் வெளிப்படையாகவே பயத்தைச் சொல்கிறார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. இருபது நாடுகளைச் சேர்ந்த 339 வீரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் பேசியிருந்தார்கள். தங்கள் விளையாட்டின் எதிர்காலத்தைப் பருவநிலை மாற்றம் பாதிக்கும் என்று பயப்பட்டவர்கள் 94 சதவிகிதம். அந்த ஆய்வின் இன்னொரு கணக்கு இன்னும் கொடுமை. இதுவரை குளிர்கால ஒலிம்பிக் நடத்திய 21 ஊர்களில், வெளியீடு இப்படியே அதிகமாகப் போனால், இந்த நூற்றாண்டின் கடைசியில் நம்பி நடத்தக்கூடியதாக மிஞ்சுவது ஒன்றே ஒன்று. ஜப்பானின் சப்போரோ. பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்கை எட்டினால் எட்டு ஊர்கள் தேறும். ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் இந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டமைப்பு என்ன சொன்னது? மழைக்காடுகளைக் காக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறோம், அதனால் எங்கள் கணக்கு நேராகிவிட்டது என்பது அவர்களுடைய வாதம். காடு காப்பது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் உண்டியலில் காசு போட்டுவிட்டு அதே தப்பைத் தொடர்வதை எங்கள் வீட்டுப் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டாள். 2024-ல் உலக வானிலை அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அது உருப்படியான அடி. ஆனால் சோல்டன் பந்தயம் 2025-லும் அக்டோபரில்தான் நடந்தது.

ஜெஸ்ஸி டிகின்ஸைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெண். குளிருக்கே பேர்போன இடம். 2018-ல் தோழி கிக்கன் ராண்டலோடு சேர்ந்து தொலைதூரச் சறுக்கில் அமெரிக்காவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவர். தன் ஊர் ஜனங்கள் முன்னால் ஓர் உலகக் கோப்பைப் பந்தயம் நடக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. வருஷக்கணக்கில் அதற்காக வாதாடினார். 2020 மார்ச்சில் மினியாபொலிஸில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்து கெடுத்தது. ஒருவழியாக 2024 பிப்ரவரிக்கு நாள் குறித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் மினசோட்டா பதிவு வைத்த நாளிலிருந்து இல்லாத வெதுவெதுப்பான குளிர்காலமாக அமைந்தது. ஏரிகள் சரியாக உறையவில்லை. பூங்காவில் புல் தெரிந்தது. பந்தயப் பாதையை மட்டும் செயற்கைப் பனியால் போட்டு, அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். கல்யாண மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கியபின் மாப்பிள்ளையைக் காணோம் என்றால் பெண் வீட்டார் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்திருப்பார்கள். பந்தயத்துக்குச் சற்று முன்பு, கடைசி நேரத்தில், நிஜப் பனி பெய்தது. ஆயிரக்கணக்கான ஜனம் கூடியது. டிகின்ஸ் மேடையேறினார். அலாஸ்காவிலிருந்து வந்த கஸ் ஷூமாக்கர் என்ற இளைஞர் யாரும் எதிர்பாராமல் பத்து கிலோமீட்டர் பந்தயத்தை ஜெயித்து ஊரையே அலற வைத்தார். இவரும் ஜோன்ஸின் அமைப்பில் இருப்பவர்தான்.

அந்த வீடியோவைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பதைப்புதான் அதிகம் இருந்தது. நாற்பது வருஷம் முன்பு யாரும் மினசோட்டாவில் பிப்ரவரியில் பனி பெய்யுமா என்று வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போட்டியிட்ட ஒரே ஆள் ஆரிஃப் கான். குல்மார்க்காரர். அப்பா அங்கே பனிச்சறுக்குச் சாமான்கள் கடை வைத்திருந்தவர். மாமி பூட்ஸ் வாடகைக்கு எடுத்த அதே ஊர்! அங்கிருந்து ஒரு பையன் மூவர்ணக் கொடி பிடித்து ஒலிம்பிக் மைதானத்தில் நடந்தான் என்பதை மாமியிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஆரிஃப் எங்கே பழகுவார்? 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லை என்று தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில்தான் நடந்தன. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் இல்லையென்றால் பக்கத்து நாட்டில் பனி. காசிருந்தால் தென் அமெரிக்காவுக்கோ நியூசிலாந்துக்கோ போய்க் கோடையிலும் பழகலாம். காஷ்மீரத்துப் பிள்ளைக்கு அந்த மலைதான், அந்தச் சில வாரங்கள்தான். அது தவறினால் வருஷமே போச்சு. பையன்கள் மட்டுமா? குதிரைக்காரர், சறுக்குவண்டி இழுப்பவர், கஹ்வா விற்பவர், பூட்ஸ் வாடகைக்காரர் என்று அத்தனை பேர் அடுப்பும் அந்தப் பனியால்தான் எரிகிறது. மலையில் பனி தங்கினால்தான் கோடையில் ஜீலத்தில் தண்ணீர், ஆப்பிள் தோட்டத்துக்குப் பாசனம்.

மெயில் அனுப்பிய வாசகிக்கு இதையெல்லாம் எழுதிக் காட்டினேன். ‘சரிதான், ஆனால் அவர்களும் கொஞ்சம் விமானத்தைக் குறைக்கட்டும்’ என்று பதில் வந்திருக்கிறது. அதில் எனக்கும் சம்மதமே. ஷூட்டரும் தான் ஒன்றும் முன்மாதிரி இல்லை என்று ஒப்புக்கொள்கிறவர்தான்.

எங்கள் மாமி மறுபடியும் காஷ்மீர் கிளம்பப்போகிறார். இந்தத் தடவை பிப்ரவரி கடைசியில். “பனி இருந்தா மட்டும் பணம் வாங்கற டூர்காரன் எவனாவது இருக்கானா பாரு” என்று என்னிடம் வேலை கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்துகொண்டு, என் போனில் குல்மார்க் வானிலையைப் பார்க்கச் சொல்கிறார்.

இன்று காலையும் பார்த்தோம். மைனஸ் மூன்று டிகிரி, தெளிவான வானம் என்றது.

“தெளிவா இருந்தா என்னத்துக்கு ஆச்சு? மேகம்னா வரணும்?” என்றார் மாமி. ஸ்வெட்டர்களை பீரோவிலிருந்து எடுத்து வெயிலில் காய வைத்திருக்கிறார்.